வெல்டிங் ஒளி, கடல் வெயில், திருவிழா விளக்கு: கண் எரிச்சலோடு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

கடலூர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 27 ஆண்டுகள் கண் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதுநகர் துறைமுகத்துப் பட்டறைக்காரர்கள், தேவனாம்பட்டினத்து மீனவர்கள், மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருக்காரர்கள் என்று யாராவது ஒருவர் இன்னமும் இரவு 11 மணிக்குக் கண்ணைப் பொத்திக்கொண்டு அழைக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் கீழே இருப்பவைதான். ‘டாக்டரம்மா’ என்று அவர்கள் கூப்பிட்டாலும் நான் டாக்டர் இல்லை. எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

“வெல்டிங் பார்த்தது பகல் 3 மணிக்கு. கண் எரிய ஆரம்பித்தது நள்ளிரவில். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?”

அந்த இடைவெளியே ஒரு சாட்சி. வெல்டிங் ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிரைக் கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போல் இருக்கும் கருவிழி உறிஞ்சிக்கொள்கிறது. அதன் மேல்தோலில் உள்ள செல்கள் அப்போதே அடிபட்டுவிடும். ஆனால் உடனே உதிர்வதில்லை. சில மணி நேரம் கழித்துத்தான் உதிரும். உதிர்ந்ததும் அடியில் இருக்கும் நரம்பு நுனிகள் வெளியே தெரிகின்றன. உடம்பிலேயே நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் கருவிழியும் ஒன்று. அதனால்தான் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்தது போல் இருக்கிறது. கண்ணீர் கொட்டும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, இமை தானாக இறுக மூடிக்கொள்ளும்.

பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் வலி தொடங்கும். கடுமையாகப் பட்டிருந்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். இந்தத் தாமதத்தால் காரணம் யாருக்கும் பிடிபடுவதில்லை. தூசி என்பார்கள், மெட்ராஸ் ஐ என்பார்கள். ஒரு வீட்டில் திருஷ்டி என்று மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டார்கள். அந்தப் புகையில் பையன் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது.

“புற ஊதா என்றால் ஊதா நிறத்தில் தெரியுமா?”

தெரியாது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 400 நானோமீட்டரில் ஊதாவாகத் தொடங்குகிறது. அதற்கும் குறைந்த அலைநீளம் உள்ளதுதான் புற ஊதா. 315 முதல் 400 வரை ‘ஏ’, 280 முதல் 315 வரை ‘பி’, 100 முதல் 280 வரை ‘சி’ என்று மூன்று வகை. சூரியனிலிருந்து வரும் ‘சி’ முழுவதையும் ‘பி’யில் பெரும்பகுதியையும் ஓசோன் படலம் உள்ளிட்ட வளிமண்டலம் வழியிலேயே தடுத்துவிடுகிறது. வெல்டிங் ராடு நுனிக்கும் முகத்துக்கும் நடுவில் அப்படித் தடுப்பு எதுவும் இல்லை. மூன்றும் நேராக வந்து அடிக்கும்.

கண் கூசுவது வேறு, கண் காயப்படுவது வேறு என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். கூசவைப்பது தெரிகிற ஒளி. காயப்படுத்துவது தெரியாத கதிர்.

“நான் வெல்டர் இல்லை அம்மா. கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். எனக்கு ஏன் வந்தது?”

என்னிடம் வந்தவர்களில் வெல்டர்களைவிட உங்களைப் போன்றவர்களே அதிகம். வெல்டர் கையில் கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. பிடித்துக்கொடுக்கும் பையனுக்கும், வாயில் கேட் வேலை எப்படிப் போகிறது என்று எட்டிப் பார்க்கும் வீட்டுக்காரருக்கும், எதிர்க்கடையில் டீ ஆற்றுபவருக்கும் அது இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று சொல்வீர்கள்; வெள்ளையடித்த சுவரிலும் தகர ஷீட்டிலும் பட்டுத் திரும்பிவரும் கதிர் பக்கவாட்டில் நுழைந்துவிடும்.

வெல்டருக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து ஒரு பொட்டு மட்டும் அடிக்கும்போது, சரியான இடத்தில் ராடு படுகிறதா என்று பார்க்க வேண்டியிருப்பதால் கண்ணாடியை இறக்காமலேயே அடித்துவிடுகிறார். ஒரு பொட்டு ஒரு விநாடி. அப்படி ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பொட்டு. கதிர் இடைவெளி விட்டு வந்தாலும் ஒரே நாளில் பட்டதெல்லாம் கூட்டிக்கொண்டே போகும். பக்கத்தில் நிற்பவருக்கு அந்த அளவு சேரச் சில விநாடிகளே போதும். தள்ளி நிற்பவருக்குச் சில நிமிடங்கள் ஆகும்.

“இப்போது எரிகிறது. இந்த ராத்திரியில் நான் என்ன செய்வது?”

காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் முதலில் கழற்றுங்கள். கண்ணைத் தேய்க்காதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு, சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து மூடிய இமைமேல் வையுங்கள். வலிக்கு, ஒத்துக்கொள்பவர்கள் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். கண்ணுக்கு ஈரம் தரும் சொட்டு மருந்து, அதாவது செயற்கைக் கண்ணீர், வீட்டில் புதிதாக இருந்தால் விடலாம். பல மாதம் முன்பு திறந்த பாட்டில் வேண்டாம். பைக் ஓட்டாதீர்கள், பாதிக் கண்ணை மூடிக்கொண்டு இம்பீரியல் சாலையில் போனவர் ஒருவரை எனக்குத் தெரியும், அவருக்குக் கண் ஆறிவிட்டது, கால்தான் ஆறவில்லை.

காலையில் கண் மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் சாயம் தொட்டு நீல விளக்கில் பார்த்தால், உதிர்ந்த இடங்கள் கருவிழி மேல் பச்சைப் பச்சைப் புள்ளிகளாக ஒளிரும். தொற்று வராமல் இருக்கக் களிம்பு எழுதித் தருவார். கருவிழியின் மேல்தோல் வேகமாக வளரக்கூடியது. ஒன்றிலிருந்து மூன்று நாளில் பெரும்பாலும் தழும்பில்லாமல் ஆறிவிடும்.

“எங்கள் பாட்டி தாய்ப்பால் விடச் சொல்கிறார். வேறொருவர் விளக்கெண்ணெய் என்கிறார். நந்தியாவட்டை?”

பாட்டி சொன்னபடி செய்து மறுநாள் சரியாகிப்போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதுவுமே செய்யாமல் இருந்திருந்தாலும் மறுநாள் சரியாகிப் போயிருக்கும். மேலே சொன்ன ஒன்று முதல் மூன்று நாள் கணக்கில்தான் இந்த வைத்தியங்களுக்கெல்லாம் பேர் கிடைத்தது.

ஆனால் மேல்தோல் உதிர்ந்த கருவிழி கதவு திறந்த வீடு. பாலோ, எண்ணெயோ, பூச்சாறோ, அதில் கிருமி இருந்தால் நேரே உள்ளே போகும். நம் பக்கத்தில் பூஞ்சைத் தொற்றால் கருவிழியில் புண் வருவது அபூர்வமில்லை. அது ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்று பார்வையை மறைக்கும். மூடிய இமையின் மேல் உருளைக்கிழங்கு வில்லையை வைப்பதானால் நான் சண்டைக்கு வரமாட்டேன். அது ஈரத்துணி செய்யும் வேலையைத்தான் செய்கிறது. கண்ணுக்குள் எதையும் ஊற்றாதீர்கள்.

“பட்டறையில் ஒரு சொட்டு மருந்து வைத்திருக்கிறார்கள். விட்டதும் வலி பறந்துவிடுகிறது. அதையே வாங்கி வைத்துக்கொள்ளலாமா?”

வேண்டவே வேண்டாம். நொடியில் வலி போகிறது என்றால் அது பெரும்பாலும் கண்ணை மரத்துப்போகச் செய்யும் மருந்து. மருத்துவர் சோதிக்கும்போது ஒரு சொட்டு விடுவதற்காக உள்ளது. திரும்பத் திரும்ப விட்டால் மேல்தோல் வளர்வதே தடைப்படும். கருவிழி கரைந்து ஓட்டை விழுந்தவர்கள்கூட உண்டு. வலி தெரியாததால் மறுநாளும் போய் வெல்டிங் அடிப்பீர்கள், அது வேறு. சிவப்பு உடனே மறையும் ஸ்டீராய்டு சொட்டு மருந்துகளும் இப்படித்தான்: சீட்டு இல்லாமல் வாங்கி விட்டால் தொற்று வளரும், கண் அழுத்தம் ஏறும்.

“எனக்கு ஒரு கண்ணில் மட்டும் உறுத்துகிறது. இதுவும் வெல்டிங் வெளிச்சம்தானே?”

சந்தேகப்படுங்கள். கதிர் பொதுவாக இரண்டு கண்ணிலும்தான் படும். ஒரு கண்ணில் மட்டும், அதுவும் ஒரே இடத்தில் குத்துகிறது என்றால் இரும்புத் துகள் ஒட்டியிருக்கலாம். கிரைண்டிங் சக்கரம் பிடித்தீர்களா, வெல்டிங் கசடைச் சுத்தியால் தட்டினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். துகள் கருவிழியில் இருந்தால் சுற்றித் துரு வளையம் பிடிக்கும். பக்கத்துப் பட்டறைக்காரர் தீக்குச்சியில் பஞ்சு சுற்றி எடுப்பார் என்று அங்கே போகாதீர்கள்.

சுத்தியல் அடிக்கும்போது ‘விண்’ என்று ஏதோ பட்டது, பிறகு பார்வை மங்கியது என்றால் துகள் கண்ணுக்குள்ளேயே போயிருக்கலாம். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நமக்குப் புதுச்சேரியில், தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. வெறும் கதிர்க் காயமாகவே இருந்தாலும் மூன்று நாளில் குறையவில்லை, சீழ் வருகிறது, கருவிழியில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்றாலும் இதே பதில்தான்.

“வெல்டிங்குக்கு எந்த நம்பர் கண்ணாடி வாங்குவது? கூலிங் கிளாஸ் இரண்டு சேர்த்துப் போட்டால் ஆகாதா?”

ஆகாது. நம் பட்டறைகளில் 2.5, 3.15 மில்லிமீட்டர் ராடு ஓடுகிறது. மின்னோட்டம் ஏறக்குறைய 60 முதல் 130 ஆம்பியர். நம்பர் ஏற ஏறக் கண்ணாடியின் கறுப்பு கூடும். அதற்கு 10 அல்லது 11 நம்பர் கண்ணாடி சரியாக இருக்கும். 160 ஆம்பியருக்கு மேல் போனால் 12. கேஸ் வெல்டிங்குக்கு 4 முதல் 6 வரை போதும். அந்த கேஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மின்சார வெல்டிங் செய்வதுதான் நான் அடிக்கடி பார்த்த தப்பு. பிடித்துக்கொடுப்பவருக்கும் ஒரு ஷீல்டு வாங்குங்கள். கீறல் விழுந்த, ஓரத்தில் விரிசல் விட்ட கண்ணாடியைத் தூக்கிப் போடுங்கள்.

“தானாகக் கறுக்கும் ஹெல்மெட், கறுப்பதற்குள் கதிர் உள்ளே போய்விடாதா?”

நல்ல கேள்வி, இதைக் கேட்டவர் பதினெட்டு வயதுப் பையன். போகாது. தரமான ஹெல்மெட்டில் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் வடிகட்டி எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும். பேட்டரி தீர்ந்தாலும் அது நிற்காது. நொடிக்குள் கறுப்பது தெரிகிற ஒளிக்காகத்தான். இரண்டாவது கேள்வியில் சொன்ன வித்தியாசம் இதுதான்.

“கோயில் திருவிழாவில் ஃபோகஸ் லைட் பக்கத்தில் உட்கார்ந்து கூத்துப் பார்த்தோம். விடியற்காலையில் எங்கள் வரிசையில் இருந்த எல்லோருக்கும் கண் எரிச்சல். சாமி குத்தமா?”

லைட் குத்தம். பெரிய மைதான விளக்குகளில் மெட்டல் ஹாலைடு என்று ஒரு வகை உண்டு. உள்ளே சின்னக் குழாய் எரியும். வெளியே இருக்கும் பெரிய கண்ணாடிதான் புற ஊதாவைத் தடுக்கிறது. வண்டியில் ஏற்றி இறக்கும்போது வெளிக் கண்ணாடி உடைந்தாலும் உள்குழாய் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். வெளிச்சத்தில் பெரிய மாற்றம் தெரியாது. கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெல்டிங் பார்த்த கதிதான். முதல் கேள்வியின் கடிகாரப்படி, விழா முடிந்து வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு ஊரே சேர்ந்து கண்ணைக் கசக்கும்.

2023 நவம்பரில் ஹாங்காங்கில் ஒரு பெரிய விழாவிலும் இப்படி நடந்தது. புற ஊதா உமிழும் விளக்குகளை அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: விளக்கு வாடகைக்கு எடுக்கும்போது வெளிக் கண்ணாடி முழுசாக இருக்கிறதா என்று, அணைத்திருக்கும்போதே பாருங்கள். எல்.இ.டி. விளக்காக வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

“நான் கடலுக்குப் போகிறவன். வெல்டிங் பட்டறைப் பக்கமே போனதில்லை. என் கண்ணில் மூக்குப் பக்கமாகச் சதை வளர்கிறது, ஏன்?”

இது வேறு கணக்கு. பட்டறைக் காயம் ஒரே நாளில் வந்து மூன்று நாளில் போகும். கடல் வெயில் இருபது வருடம் எடுத்துக்கொள்ளும். வெள்ளைவிழியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு முக்கோணமாகக் கருவிழி மேல் ஏறுவதை டெரிஜியம் என்பார்கள். பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்தே வளரும். பக்கவாட்டில் காதுப் பக்கமிருந்து வரும் கதிரை வளைந்த கருவிழி ஒரு லென்ஸ் போல மறுபக்க ஓரத்தில் பல மடங்கு குவிக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். சிறியதாக இருந்தால் கண்காணிப்போடு விட்டுவிடலாம். கண்ணின் நடுவில் ஒளி நுழையும் துளையான பாவையை நெருங்கினால் அறுவை செய்து எடுப்பார்கள். எடுத்தாலும் திரும்ப வளரலாம்.

கண்புரைக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நண்டும் சிப்பியும் பிடிக்கும் 838 பேரைச் சோதித்து 1988-இல் ஓர் ஆய்வு வெளியானது. ‘பி’ வகைக் கதிர் அதிகம் பட்டவர்களுக்கு லென்ஸின் ஓரப்பகுதியில் தொடங்கும் புரை அதிகம் இருந்தது. நம் பரங்கிப்பேட்டை நண்டுக்காரருக்கு அவர்களைவிட வெயில் அதிகம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் காய்ந்த கடற்கரை மணல் ஏறக்குறைய 15 சதவீதமும், அலை நுரை 25 சதவீதமும் புற ஊதாவைத் திருப்பி அனுப்புகின்றன. கீழிருந்து வருவதைத் தொப்பி தடுக்காது. கண்ணோடு ஒட்டி, ஓரமும் மூடும் கண்ணாடி வேண்டும். அலையில் விழாமல் இருக்க அதில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

“கத்திரி வெயிலில் மட்டும் போட்டால் போதாதா? ஐப்பசியில் எதற்கு?”

வெயில் சுடுவதை வைத்துக் கதிரை அளக்க முடியாது. சூடு அகச்சிவப்பின் வேலை. கடற்காற்று வீசும்போது உடம்புக்குச் சுகமாக இருக்கும், கதிர் அப்படியேதான் இருக்கும். மெல்லிய மேகம் புற ஊதாவில் பெரும்பகுதியை விட்டுவிடும். கனத்த மழைமேகம்தான் தடுக்கும். கடலூரும் புதுச்சேரியும் 12 பாகை வட அட்சரேகைக்குச் சற்றுக் கீழே இருப்பதால், ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 21-ஐ ஒட்டியும் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கிறது. புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை என்கிறார்கள். நம் கோடை நண்பகலில் அது 11-ஐத் தாண்டும்.

நேரத்திலும் ஒரு விசித்திரம் உண்டு. உச்சி வெயிலில் புருவமும் இமையும் கண்ணுக்குக் குடை பிடிக்கின்றன. காலை 8, 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் சூரியன் நேராகப் பார்க்கிறது. ஜப்பானில் பொம்மைத் தலைகளில் உணரிகளைப் பொருத்தி அளந்தபோது, கோடை முடியும் பருவத்தில் நண்பகலைவிட அந்த நேரங்களில் கண்ணில் அதிகக் கதிர் பட்டது.

“கடற்கரைச் சாலையில் 150 ரூபாய்க்குக் கூலிங் கிளாஸ் விற்கிறார்கள். நல்ல கறுப்பு. வாங்கலாமா?”

கறுப்பு எதையும் காட்டாது. புற ஊதாவைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி போட்டால் பாவை விரிந்து இன்னும் அதிகக் கதிரை உள்ளே விடக்கூடும். ‘யு.வி. 400’, அதாவது 400 நானோமீட்டர் வரை புற ஊதாவைத் தடுக்கும் என்று இருக்க வேண்டும். ஆனால் அந்த ஸ்டிக்கரை ஒட்டுவதற்கு ஒரு ரூபாய்கூட ஆகாது என்பதும் உண்மை. பெரிய கண்ணாடிக் கடைகளில் சின்ன மீட்டர் வைத்திருக்கிறார்கள், அளந்து காட்டச் சொல்லுங்கள். பாலிகார்பனேட் லென்ஸ் நிறமே இல்லாமல் இருந்தாலும் இயல்பாகவே ஏறக்குறைய முழுதும் தடுத்துவிடும். ‘போலரைஸ்டு’ என்பது நீர்ப்பரப்பின் கூச்சத்தைக் குறைப்பதற்கு. மீனவருக்கு மிக உதவும், ஆனால் அது தனி, இது தனி.

“கிரகணத்தை எக்ஸ்ரே ஃபிலிமில் பார்க்கலாமா? சாணி கரைத்த நீரில் பார்த்தால்?”

இரண்டும் வேண்டாம். இங்கே அடிபடுவது கருவிழி இல்லை, கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரை. அடிப்பதும் பெரும்பாலும் புற ஊதா இல்லை, லென்ஸ் குவித்துத் தரும் தெரிகிற ஒளி. விழித்திரைக்கு வலி தெரியாது. 2019 டிசம்பர் 26 காலையில் கோவை, கரூர் பக்கம் வளையமாகத் தெரிந்த கிரகணம் நமக்குப் பகுதி கிரகணமாகத் தெரிந்தது. சில நாள் கழித்து ஒரு மாணவன் வந்து, “படிக்கும் எழுத்தின் நடுவில் மட்டும் ஓட்டை” என்றான். எரிச்சல் இல்லை, சிவப்பு இல்லை, சொட்டு மருந்தும் இல்லை. சிலருக்குச் சில மாதங்களில் தேறும், சிலருக்கு அந்த ஓட்டை நின்றுவிடும்.

தரச்சான்று பெற்ற கிரகணக் கண்ணாடி அல்லது 14 நம்பர் வெல்டிங் கண்ணாடி சரி. 10 நம்பர் போதாது. அட்டையில் ஊசித் துளை போட்டுச் சுவரில் விழும் பிம்பத்தைப் பார்ப்பது எல்லாவற்றையும்விட நல்லது. 2031 மே 21 அன்று தென் தமிழகத்தில் மறுபடி வளையம் தெரியும், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

“கொரோனா காலத்தில் வாங்கிய கிருமி கொல்லும் விளக்கு கடையில் இருக்கிறது. எரியவிட்டு வேலை பார்க்கலாமா?”

கூடாது. அது 254 நானோமீட்டர் ‘சி’ வகை. இளநீல வெளிச்சம் மங்கலாகத்தான் தெரியும், கண்ணுக்கு வெல்டிங் போலவே. ஆள் இல்லாத அறையில் மட்டும் எரிய வேண்டும். குடிநீர் சுத்திகரிப்பானில் இருப்பதும் இதே வகைதான், ஆனால் மூடிய உறைக்குள் இருப்பதால் பயமில்லை. கழற்றி எரியவைத்துப் பார்க்காதீர்கள்.

“வெண்புள்ளிக்கு மாத்திரை போட்டுவிட்டு வெயிலில் நிற்கச் சொன்னார்கள். கண்ணுக்கு ஏதாவது?”

சோரலென் வகை மாத்திரை என்றால் அது உடம்பைப் புற ஊதா ‘ஏ’வுக்குக் கூருணர்வு உள்ளதாக மாற்றுகிறது, கண்ணின் லென்ஸும் அதில் சேர்த்தி. மாத்திரை போட்டதிலிருந்து 24 மணி நேரம், பகல் வெளிச்சத்தில் வீட்டு ஜன்னல் ஓரத்தில்கூட, புற ஊதா தடுக்கும் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். சொல்ல மறந்துவிட்டார்கள் என்றால் நீங்களே கேளுங்கள்.

“மொபைல் போனிலிருந்தும் புற ஊதா வருமா?”

வராது. கண் உலர்வதற்கும் தூக்கம் கெடுவதற்கும் வேறு காரணங்கள்.

“இருபது வருடமாக அடிக்கிறேன், கண் பழகிவிட்டது என்கிறாரே எங்கள் மேஸ்திரி?”

தோல் வெயிலில் கறுத்துத் தடித்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். கருவிழி கறுக்காது, தடிக்காது. கறுத்தால் பார்க்க முடியாதே. மேஸ்திரிக்குப் பழகியது கண்ணாடியை எப்போது இறக்க வேண்டும் என்கிற கைப்பழக்கம். அல்லது வலி. அவரை ஒரு முறை புரைச் சோதனைக்கு அனுப்புங்கள்.

“எங்கள் பட்டறை தெருவோரம் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். விரட்டினாலும் போவதில்லை.”

பிள்ளைகளின் கண் லென்ஸ் பெரியவர்களுடையதைவிடத் தெளிவானது. அதிகக் கதிரை உள்ளே விடும். விரட்டுவதைவிட மறைப்பது சுலபம். கனத்த தார்ப்பாயோ தகரத் தடுப்போ, ஆள் உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும். தார்ப்பாயில் பொறி விழுந்தால் பற்றும், அதனால் வெல்டிங் நடக்கும் இடத்துக்கு ஒட்டித் தொங்கவிடாதீர்கள். உள்சுவரைப் பளபளப்பில்லாத அடர்நிறத்தில் அடியுங்கள். வேலை தெருவில்தான் நடக்க வேண்டும் என்றால் பள்ளி விடும் 4 மணியிலிருந்து அரை மணி நேரம் கிரைண்டிங்கும் வெல்டிங்கும் நிறுத்தி, டீ குடிக்கப் போய்விடுங்கள். முதுநகரில் ஒரு பட்டறைக்காரர் இதைத்தான் செய்கிறார். பையன்கள் வந்து, வேடிக்கை எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போய்விடுகிறார்களாம்.